கோயில் வேனும் 555 புத்தகமும்



"கோயில் வேன் சரியாச்சா?" என்று வெள்ளிக்கிழமை பூசைக்கு வரும் பலரும் கேட்கிறீர்கள். சரியாகிவிட்டது. ஆனால் அது உங்கள் உபயத்தில் ஓடும் வேன். அதனால் கணக்கோடு நடந்ததையும் உங்களிடம் சொல்லியாக வேண்டும்.

நம் வேன் பழசு. எஞ்சின் முன் சீட்டுக்கு அடியில் இருக்கும் ரகம். ஆசாஹான், செலாண்டார் பக்கத்துத் தோட்டங்களில் இன்னும் இருக்கிற வயசானவங்களைப் பூசைக்குக் கூட்டி வருவதும், திரும்பக் கொண்டுபோய் விடுவதும் அதுதான். சில மாதங்களாக ரேடியேட்டர் தண்ணி குறைந்துகொண்டே வந்தது. வாரத்துக்கு ஒரு சின்ன போத்தல் அளவுதான். கீழே குனிந்து பார்த்தால் ஈரமே இல்லை. ஒருநாள் பெம்பான் தாண்டும்போது சூட்டு முள் மேலே ஏறிவிட்டது. நாலு பாட்டிமாரோடு வெயிலில் சாலையோரம் நிற்க வேண்டியதாப் போச்சு.

அன்றைக்கு நாங்கள் டிரைவர் அண்ணனைத்தான் குறை சொன்னோம். "தண்ணி பார்க்காம காடியை எடுத்தீங்களா?" என்று கூட்டத்தில், எல்லாருக்கும் முன்னால் கேட்டோம். அவர் பதில் பேசவில்லை. சட்டைப் பையிலிருந்த 555 புத்தகத்தை மேசை மேல் வைத்துவிட்டு எழுந்து போனார். நாங்கள் அதைத் திறந்துகூடப் பார்க்கவில்லை.

அப்புறம் ஊகத்திலேயே காசைச் செலவழிச்சோம். முதலில் ரேடியேட்டர் மூடி, பிறகு மேல் ஹோஸ், கீழ் ஹோஸ். தண்ணி குறைவது நிற்கவில்லை. ஒழுகலை அடைக்கும் பொடி போடச் சொன்னார் ஒருவர். நல்ல வேளை, போடலை. பழைய ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களையும் அது சேர்த்து அடைச்சிடும். "ஹெட் கேஸ்கட் போயிருச்சு, எஞ்சினைப் பிரிக்கணும்" என்றார் இன்னொருவர். செலவைக் கேட்டதும் வேனை வித்துடலாமா என்றுகூடப் பேசினோம்.

கடைசியில் ஒரு ஃபோமன் தம்பியிடம் போனோம். அவர் முதலில் கேட்டது: "ஓடுற நாள்ல மட்டும் குறையுதா, நிக்கிற நாள்லயும் குறையுதா?" எங்களுக்குத் தெரியலை. அப்போதுதான் அந்த 555 புத்தகம் ஞாபகம் வந்தது. தேதி, போன இடம், ஊற்றிய தண்ணி எல்லாம் பென்சிலில் இருந்தது. வேன் நகராமல் நின்ற நாட்களுக்கும் ஊற்றிய கணக்கு இருந்தது. கேஸ்கட் வழியாக எஞ்சினுக்குள் போயிருந்தால் வெள்ளைப் புகை வரும், இல்லையென்றால் எஞ்சின் எண்ணெய் பால் தேத்தண்ணி மாதிரி ஆகும். நம் வேனில் இரண்டும் இல்லை. நின்றாலும் குறைகிறது என்றால் எங்கேயோ வெளியேதான் ஒழுகுது.

ஈரம் தெரியாமல் போனதற்குக் காரணம், வேன் நிற்பது மரத்தடி மண் தரையில். சொட்டை மண் குடிச்சிடும். மிச்சத்தை மழை கழுவிடும். அதனால் பச்சை நிறக் கூலண்ட் ஊற்றி, மண்டபத்து சிமெண்டுத் தரையில் அட்டைப் பெட்டிகளைப் பிரித்து விரித்து, ராத்திரி முழுக்க வேனை அதன் மேல் நிறுத்தினோம். விடியற்காலையில் அட்டையில் மூணு பச்சைச் சொட்டு. உடனே எடுத்து அப்புறப்படுத்தினோம். கூலண்ட் இனிக்கும், நாய் பூனை நக்கினால் விஷம்.

சொட்டு விழுந்தது ஹோஸுக்கு நேர் கீழே. ஆனால் ஹோஸ் புதுசு. தம்பி சிரிச்சார். "விழுற இடம் வேற, ஒழுகுற இடம் வேற." எஞ்சின் ஆறியிருக்கும்போதே ரேடியேட்டர் வாயில் கைப்பம்பை மாட்டி, மூடியில் எழுதியிருக்கும் அளவுக்கு அழுத்தம் ஏற்றினார். பம்பின் முள் மெதுவாக இறங்கியது. முன் சீட்டைத் தூக்கி, டார்ச் லைட்டும் சின்னக் கண்ணாடியும் வைத்துத் தேடினார். வாட்டர் பம்பின் அடியில் ஒரு சிறு துளை, அதன் வாயில் பச்சையாக ஒரு முத்து. அந்தத் துளை உடைசல் இல்லை, வேண்டுமென்றே வைத்தது. உள்ளே சீல் தேய்ந்தால் தண்ணி பேரிங்குக்குள் போகாமல் வெளியே வந்து காட்டிக் கொடுக்கும். ஓடும்போது ஒழுகினது சூட்டில் காய்ந்துவிடும். ஆறிய பிறகுதான் கீழே சொட்டும்.

சீல் ஏன் தேய்ந்தது? வருஷக்கணக்காகக் குழாய்த் தண்ணி மட்டுமே ஊற்றியதில் உள்ளே துரு. துரு சீலை அரைக்கும். 555 புத்தகத்தின் பழைய பக்கம் ஒன்றில் அண்ணன் எழுதியிருந்தார்: "கூலண்ட் கேட்டேன். தண்ணி போதும்னு சொன்னாங்க." அப்படிச் சொன்னது நாங்கதான்.

பம்பு, பெல்ட், கூலண்ட், கூலி எல்லாவற்றுக்கும் ரசீது அறிவிப்புப் பலகையில் இருக்கிறது. ஊகத்தில் வாங்கிய சாமான்களின் செலவைக் கோயில் கணக்கில் சேர்க்கவில்லை. நாங்களே பிரித்துப் போட்டுக்கொண்டோம்.

அண்ணன் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டோம். கூட்டத்தில் பேசிய பேச்சை வீட்டுக்குள் மட்டும் சரிசெய்தால் போதாது. அதனால்தான் இங்கேயும் எழுதுகிறோம். அண்ணே, எங்களை மன்னிச்சிடுங்க. அன்றைக்கு அவர் கேட்டது ஒன்றுதான்: "சரி விடுங்க. இன்னைக்குத் தண்ணி பார்த்தீங்களா?"

சொந்தக் காடி வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: சூடான எஞ்சினில் ரேடியேட்டர் மூடியைத் திறக்காதீங்க. உள்ளே தண்ணி அழுத்தத்தில் 100 டிகிரிக்கு மேலேகூட இருக்கும். திறந்ததும் கொதிச்சு முகத்தில் அடிக்கும்.

மாசி மகத்துக்குச் செங் சன்னாசிமலை ஆண்டவர் கோயிலுக்கு நம் வேன் போகும். வயசானவங்களுக்கு முதல் இடம். பேர் கொடுங்க. அண்ணன்தான் ஓட்டுறார்.


கோயில் தொண்டர்கள், ஜாசின்