எஞ்சின் எங்கே இருத்தல் வேண்டும்?

விழா மலருக்குக் கட்டுரையொன்று தருக என மலர்க் குழுவினர் பணித்தபோது, நான் சங்க இலக்கியம் பற்றியோ சைவ சித்தாந்தம் பற்றியோ எழுதுவேன் என்றே அவர்கள் எண்ணியிருப்பர். நான் எடுத்துக்கொண்ட பொருளோ பந்தயக் கார். பயிற்றப்பட்ட தமிழாசிரியன் ஒருவனுக்கு இப்பொருளில் என்ன உரிமை என்று அன்பர்கள் வினவலாம். உரிமை யாதுமில்லை, கடன் ஒன்று உண்டு. அதனைத் தீர்க்கவே எழுதுகின்றேன்.

கொக்கிளாயில் நான் கற்பிக்கும் பதினோராந் தர வகுப்பிலே, 'எனக்கு விருப்பமான பொருள்' என்னுந் தலைப்பிற் கட்டுரை எழுதுமாறு சென்ற ஆண்டு மாணவரைப் பணித்தேன். களப்பு, கோயில், அன்னை, புத்தகம் என்று பலரும் எழுதினர். பின்வாங்கில் அமரும் மாணவன் ஒருவன் மாத்திரம், எஞ்சின் முன்னே உள்ள பந்தயக் கார் சிறந்ததா, நடுவே உள்ளது சிறந்ததா என்று மூன்று பக்கம் எழுதியிருந்தான். கைத்தொலைபேசியிற் கண்டு கற்றவை போலும். 'பெர்போமன்ஸ்' என்ற சொல் பதினொரு முறை வந்திருந்தது. பதினொன்றையும் சிவப்பு மையாற் கோடிட்டேன். 'மாணவனுக்குத் தகுந்த பொருளன்று' எனக் கீழே குறித்து, நூற்றுக்கு முப்பத்தைந்து புள்ளி இட்டேன்.

மறுநாள் அவன் கொப்பியுடன் வந்து நின்றான். புள்ளியைப் பற்றி ஒரு சொல்லும் கேட்டானில்லை.

"சேர், அந்தச் சொல்லுக்குத் தமிழ் என்ன?" என்று மட்டுமே கேட்டான்.

நான் விடையிறுக்கவில்லை. 'வேகம்' என்று சொல்ல வாய் எடுத்தேன். அஃது அன்று என்பது எனக்கே தெரிந்தது. 'திறமை' என்றாலும் பொருந்தவில்லை. தமிழ் கற்பிப்பவன், தவறென்று பதினொரு முறை கோடிட்டவன், சரியான சொல்லை ஒரு முறையேனும் எழுதிக் கொடுத்தானில்லை. நாணம் வந்தது. அன்று மாலை அம்மாணவனைக் கடற்கரையிலே சந்தித்தேன். தகப்பனாரின் படகிலிருந்து பெட்டிகளை இறக்கிக்கொண்டிருந்தான். "எஞ்சின் எங்கே இருந்தால் என்ன, தம்பி? ஓடினாற் போதாதோ?" என்றேன்.

அவன் படகைக் காட்டினான். "சேர், பெட்டி எல்லாத்தையும் அணியத்திலே அடுக்கினால் அணியம் தாழ்ந்து தண்ணியைக் குத்தும். கடையாரிலே அடுக்கினால் அணியம் தூக்கும். நடுவிலே வைச்சால்தான் படகு கைக்கு அடங்கும். காருக்கும் அதுதான்."

மூன்று பக்கங்களின் சாரம் இதுவே. நான் வாசித்தும் விளங்காதது, அணியமும் கடையாரும் சொல்ல விளங்கிற்று.

அதன் பின்னர் எங்கள் விஞ்ஞான ஆசிரியரிடம் கேட்டும், நானே தேடிப் படித்தும் அறிந்தவற்றை ஈண்டுச் சுருங்கக் கூறுவேன். காரிலே மிகப் பாரமான உறுப்புகளுள் ஒன்று எஞ்சின். அது முன் அச்சின்மேல் அமைந்தால் முன் எஞ்சின். பின் அச்சிற்கும் அப்பால் அமைந்தால் பின் எஞ்சின். சாரதியின் முதுகிற்கும் பின் அச்சிற்கும் இடையே அமைந்தால் நடு எஞ்சின் என்பர். இத்தாலிக்குச் சென்றுதான் இவ்வேறுபாட்டைக் காணவேண்டும் என்பதில்லை. நம் தெருவில் ஓடும் ஓட்டோவின் எஞ்சின் பின்னே உளது. ஹயேஸ் வானின் எஞ்சின் சாரதியின் இருக்கைக்குக் கீழே கிடக்கின்றது. மொறிஸ் மைனரின் எஞ்சின் மூக்கிலே இருக்கின்றது.

காவுதடியின் இரு முனையிலும் குடம் தூக்கியவன் சடுதியாகத் திரும்ப இயலாது. தடியும் குடமும் அவனை இழுக்கும். அதே பாரத்தை மார்போடு அணைத்துச் சுமப்பவன் சட்டெனத் திரும்புவான். விஞ்ஞானத்தில் இதனைச் சடத்துவத் திருப்பம் என்பர். பாரம் நடுவை அண்டியிருந்தால் வளைவிலே கார் விரைந்து திரும்பும். மேலும், கார் விசை கொள்ளும்போது பாரம் பின்னோக்கிச் சாயும்; பின் சில்லுகள் நிலத்தை இறுகப் பற்றும்; எஞ்சினின் வலு வீணாகாது. ஆயின் குறையும் உண்டு. விரைந்து திரும்புவது விரைந்து சுழலவும் செய்யும். கை தவறிவிட்டாற் சாரதிக்குச் சிந்திக்க நேரமிராது. முன் எஞ்சின் கார் சற்று மந்தமாயினும், வழுக்கப் போவதை முன்னரே உணர்த்தும். பின்னிருக்கைக்கும் பொதிக்கும் இடமும் தரும்.

1930களிலேயே ஜேர்மனியின் ஓட்டோ யூனியன் பந்தயக் கார்கள் சாரதியின் பின்னே எஞ்சினைக் கொண்டிருந்தன. அவற்றை ஓட்டுவது அரிது எனப் பெயர் பெற்றமையாற் பிறர் அவ்வழியைப் பின்பற்றவில்லை. இரண்டாம் உலகப் போரின் பின்னர், இங்கிலாந்தின் சேர்பிற்றன் நகரிலே கராஜ் நடத்திய கூப்பர் என்னும் தந்தையும் மகனும் சிறு பந்தயக் கார் ஒன்று செய்தனர். அவர்கள் எடுத்துக்கொண்டது மோட்டார்ச் சைக்கிளின் 500 கன சென்ரிமீற்றர் எஞ்சின். சங்கிலியாற் பின் சில்லைச் சுழற்றுவதற்கு அதனைப் பின்னே வைப்பதே எளிது. ஆகவே பின்னே வைத்தனர். கொள்கையாலன்று, வசதியாலே பிறந்த அமைப்பு அது.

அக்காலத்திற் பெராரி நிறுவனத்தின் கார்கள் யாவும் முன் எஞ்சின் கொண்டவை. அதன் தலைவர் என்சோ பெராரி, மாடு வண்டியை முன்னின்று இழுக்கவேண்டுமேயன்றிப் பின்னின்று தள்ளுதல் ஆகாது என்று கூறி வந்தார் என்பர். நம் நாட்டு வண்டிக்காரர் எவரும் ஒப்பும் கூற்று இது. எனினும் அவர்களிடம் கேட்டால் இன்னொன்றும் சொல்வர். முன்பாரம் கூடினால் மாட்டின் கழுத்து நோகும். பின்பாரம் கூடினால் நுகம் மேலே கிளம்பும். மாடு எங்கே நிற்கின்றது என்பதோடு பாரம் எங்கே கிடக்கின்றது என்பதையும் பார்க்கவேண்டும் என்பர்.

1958ஆம் ஆண்டு தை மாதம், ஆர்ஜென்ரீனாவின் புவனஸ் அயர்ஸ் நகரிலே உலகக் கிண்ணப் பந்தயம் நடைபெற்றது. பத்துக் கார்களே ஓடின. பெராரிகளின் எஞ்சின் 2.4 லீற்றர். ஸ்ரேர்லிங் மொஸ் ஓட்டிய சிறு கூப்பரின் எஞ்சினோ 2 லீற்றருக்குச் சற்றுக் குறைந்தது. அது சாரதியின் பின்னே இருந்தது. ரயர் மாற்றுவதற்கு அவர் நிற்பார், அப்போது முந்திவிடலாம் என்று மற்றையோர் காத்திருந்தனர். கூப்பரின் சில்லுகள் சுரைகளால் முடுக்கப்பட்டவை; கழற்றிப் பூட்ட நெடுநேரம் செல்லும். அவர் நிற்கவேயில்லை. ரயர் தேய்ந்து உள்துணி வெளித்தோன்றும் வரை, எண்ணெய் படிந்த இடங்களைத் தேடித் தேடி அவற்றின்மேல் மெல்ல ஓட்டி, 2.7 செக்கன் முந்தி வென்றார். உலகக் கிண்ணப் பந்தயத்தில் நடு எஞ்சின் கார் பெற்ற முதல் வெற்றி அது.

அடுத்த ஆண்டு மார்கழியில், அமெரிக்காவின் செப்றிங் ஓடுபாதையிலே, அவுஸ்திரேலியரான ஜாக் பிரபாமின் கூப்பர் கடைசிச் சுற்றிற் பெற்றோல் தீர்ந்து நின்றுவிட்டது. அவர் இறங்கிக் காரைத் தள்ளிக்கொண்டே சென்று, நான்காவதாக எல்லையைக் கடந்து, 1959ஆம் ஆண்டின் உலக வீரரானார். எஞ்சின் பின்னே இருக்கும் கார் சிறந்தது என்பதற்கு அன்று அவரே எஞ்சினாகிச் சான்று பகர்ந்தார் எனலாம். 1960இல் இத்தாலியின் மொன்சாவிற் பில் ஹில் ஈட்டியதே, அவ்வகைப் பந்தயத்தில் முன் எஞ்சின் கார் பெற்ற கடைசி வெற்றி. 1961இல் பெராரியும் மாட்டை வண்டியின் பின்னே கட்டியது; அவ்வாண்டு அதே பில் ஹில் உலக வீரரானார்.

இவ்வளவோடு வழக்கு முடிந்ததா? முடியவில்லை. 1953 முதல் முன் எஞ்சினுடன் வந்த அமெரிக்கக் கொர்வெற், 2020ஆம் ஆண்டு மாதிரியிலே எஞ்சினை நடுவுக்கு மாற்றிற்று. அதே பெராரியோ, 2024இலும் பன்னிரண்டு சிலிண்டர் எஞ்சினை முன்னே வைத்துப் புதிய கார் ஒன்றை வெளியிட்டது. ஓடுபாதைக்கு ஒன்று, நெடுந்தெருவுக்கு ஒன்று. வினா எதுவோ அதற்கேற்ற விடை.

வெற்றி தோல்விகளைக் கொண்டு மட்டும் அளந்தாலும் இடர்ப்பாடு உண்டு. கோயம்புத்தூரைச் சேர்ந்த கரிவர்தன் என்பார், மாருதி 800 காரின் மூக்கிலே கிடந்த சிறு எஞ்சினை எடுத்துச் சாரதியின் பின்னே பூட்டி, 'போர்முலா மாருதி' என்னும் ஒற்றையிருக்கைப் பந்தயக் காரை ஆக்கினார். தம் இளமையில் அக்காரை ஓட்டிப் பழகிய அந்நகரத்தவரான நரேன் கார்த்திகேயன், 2005இல் போர்முலா வன்னில் ஓடிய முதல் இந்தியரானார். அவ்வாண்டு ஆனியில், இண்டியானாபொலிஸ் நகரிலே, ரயர்கள் அங்குள்ள வளைவைத் தாங்கா என்ற அச்சத்தாற் பதினான்கு கார்கள் விலகின. ஆறு மாத்திரமே ஓடின. அவர் நான்காவதாக வந்தார். போர்முலா வன்னில் அவர் பெற்ற புள்ளிகள் அன்று கிடைத்த ஐந்து மட்டுமே. ஆறு பேருள் நான்காவது என்று சிரிப்பார் சிரிக்கலாம். மந்தமான காரைக் குலையாமற் கொண்டுவந்து சேர்த்தார் என்று மெச்சுவார் மெச்சலாம். புள்ளி ஒன்றே, அதனை வாசிப்போர் பலர்.

இவற்றையெல்லாம் படித்துக்கொண்டிருந்த இரவொன்றிலே, நான் மறந்திருந்த ஒரு கார் நினைவுக்கு வந்தது.

1984ஆம் ஆண்டு மார்கழியிலே கொக்கிளாய் வெறுமையாயிற்று. எனக்கு அப்போது நான்கு வயது. நாங்கள் முள்ளியவளையிற் குடியேறினோம். பொருளாதாரத் தடைக் காலத்தில் வன்னியிற் பெற்றோல் மருந்துபோல அருகியிருந்தது. எங்கள் அயலவர் ஒருவரிடம் பழைய மொறிஸ் மைனர் நின்றது. அவரை 'மோட்டார் மாமா' என்றே அழைப்போம். சூப்பியிலிருந்து இரண்டு துளி பெற்றோலைப் பீச்சி எஞ்சினை உயிர்ப்பித்து, பின்னர் மண்ணெண்ணெயில் ஓட்டுவார். கார் இருமும், புகை கக்கும், ஏற்றத்தில் மூச்சு வாங்கும்.

1997ஆம் ஆண்டு மார்கழி மழையில், நள்ளிரவிலே, என் தமக்கையாருக்குப் பேற்று வலி கண்டது. மாமா காரைக் கொண்டு வந்தார். ஒழுங்கை முழுவதும் சேறு. பின் சில்லுகள் சுழன்றனவேயன்றிக் கார் நகரவில்லை. அவர் பதறாமல் இறங்கி வந்தார்.

"தம்பி, உள்ளுக்குக் கிடக்கிற நெல்மூடை இரண்டையும் பின்பெட்டியிலே ஏத்து. முன்னுக்குத்தான் பாரம் கிடக்கு. சில்லிலே பாரம் இல்லாட்டி அது சும்மா சுத்தும்."

ஏற்றினேன். சில்லுகள் சேற்றைக் கடித்தன. சைக்கிளிற் சென்றாலும் அக்காரை முந்தியிருக்கலாம். ஆயினும் வழியில் அது நிற்கவில்லை. அவர் நிற்க விடவில்லை. பள்ளங்களைக் கண்டு விலக்கி, தமக்கையாரின் முனகலுக்கேற்ப வேகத்தைக் குறைத்து, விடியுமுன் மருத்துவமனை வாயிலிற் கொண்டுபோய்ச் சேர்த்தார். அன்று பிறந்த என் மருமகள், இன்று தன் மகனைக் கைபிடித்து எங்கள் வீட்டு முற்றத்துக்கு வருகின்றாள்.

மோட்டார் மாமா என்சோ பெராரியின் பெயரைக் கேட்டிருப்பாரோ, அறியேன். ஆனால் எஞ்சினை இடம் மாற்ற இயலாதவர் பாரத்தை இடம் மாற்றினார். கூப்பர்கள் கண்ட பயனை இரண்டு நெல்மூடையாற் கண்டார்.

அன்றிரவு அம்மாணவன் கேட்ட சொல்லும் எனக்குக் கிட்டியது. அஃது அகராதியில் என்றும் இருந்த சொல்தான்: செயற்றிறன். திறன் என்பது கடதாசியில் எழுதக்கூடியது. எஞ்சினின் கொள்ளளவும் குதிரைவலுவும் திறன். செயல் என்பது தெருவிலே நிகழ்வது. 'செயல்' என்பதன் ஈற்று லகரமும் 'திறன்' என்பதன் முதற் றகரவொலிக்கு இடங்கொடுக்கும் தகரமும் தத்தம் உருவை விட்டு றகரங்களாய்த் திரிந்தாலன்றி அவ்விரு சொல்லும் புணர்வதில்லை. ஆண்டுதோறும் இவ்விதியை வகுப்பிற் கற்பித்தேன். அதன் பொருளை ஒரு மீனவர் மகன் கேட்ட பின்னரே உணர்ந்தேன். எந்தத் தெருவில், எந்தப் பாரத்தோடு, எவர் கையில் ஓடிற்று என்று கேளாமல், ஒன்றன் செயற்றிறனை அளத்தல் இயலாது.

காருக்கு உள்ள இந்நியாயம் பிள்ளைக்கு இல்லையா? 2009இற் போர் முடிந்த பின்னரே எங்கள் ஊரவர் மீளத் திரும்பினர். அவர்தம் பிள்ளைகளின் பரீட்சைப் பெறுபேறுகளை நகரத்துப் பிள்ளைகளின் பெறுபேறுகளோடு ஒரே நிரலில் எழுதுகிறோம். எழுதத்தான் வேண்டும்; பரீட்சை யாவர்க்கும் ஒன்றே. ஆனால் விடியுமுன் வலை இழுத்துவிட்டு வகுப்புக்கு வரும் ஒருவன் பெற்ற நாற்பதை நாற்பது என்று மட்டும் வாசிக்கும் ஆசிரியன், சேற்றைக் காணாமற் காரைப் பழிப்பவன். நானும் அப்படி வாசித்தவனே. அவன் பின்வாங்கில் இருந்தமையால், அவன் கட்டுரையும் பின்னே கிடக்கத்தக்கது என்று முடிவு கட்டினேன்.

மறுநாட் காலை கொப்பியைக் கேட்டு வாங்கினேன். எழுத்துப் பிழைகளைப் பிழைகளாகவே விட்டேன். அவற்றுக்குப் புள்ளி குறைத்தேன். 'தகுந்த பொருளன்று' என்ற என் குறிப்பை வெட்டினேன். முப்பத்தைந்தை வெட்டி அறுபத்தெட்டு என எழுதினேன். கோடிட்ட பதினொரு இடங்களிலும் 'செயற்றிறன்' என்று என் கையாலேயே எழுதினேன். அவன் எண்ணிப் பார்த்துவிட்டு, "சேர், இரண்டு றகரம் வருமோ?" என்றான். "வரும்" என்றேன். அவன் கட்டுரையை வகுப்பின் முன் நின்று வாசித்தபோது, நான் பின்வாங்கிற் போய் அமர்ந்து கேட்டேன்.

நம் கல்லூரியின் பழைய மாணவருட் பெரும் பதவி வகிப்போர் பலர். அவர்தம் பெயர்கள் இம்மலரை அணி செய்யும். பெயர் வராதோரும் பலர் உளர். மழை இரவிலே யாரோ ஒருவரை விடியுமுன் கொண்டுபோய்ச் சேர்த்தோர் அவருள்ளும் இருப்பர். அவர்களையும் இவ்விழா நாளில் நினைத்தல் நம் கடன். கல்லூரி அன்னை நீடு வாழ்க!