தனித்து விடப்படும் அச்சம்

அமெரிக்காவின் இவாஞ்சலிக்கல் கிறிஸ்தவக் குடும்பங்களில் வளர்ந்த சிலரின் சிறுவயது நினைவுகளை அண்மையில் வாசித்தேன். பள்ளி விட்டு வரும்போது வீட்டில் ஒருவரும் இல்லையெனில், பெற்றோரை இயேசு வானுக்கு எடுத்துக்கொண்டார், தாம் மட்டும் விடப்பட்டோம் என அஞ்சி நடுங்குவார்களாம்.

உண்மை விசுவாசிகள் திடீரென எடுத்துக்கொள்ளப்படுவர் என்னும் இக்கருத்தை 1830களில் போதகர் ஜான் நெல்சன் டார்பி பரப்பினார். கிறிஸ்தவர் அனைவரும் இதனை ஏற்பதில்லை. எனினும், 1972இல் வெளிவந்த 'எ தீஃப் இன் த நைட்' என்ற திரைப்படம் தேவாலயங்களிலும் இளைஞர் கூட்டங்களிலும் காட்டப்பட்டு, பல பிஞ்சு உள்ளங்களில் இவ்வச்சத்தை ஊன்றியது.

உலகம் அழிவதைவிட, தாய் தந்தையரைப் பிரிந்து தனித்து நிற்பதே அப்பிள்ளைகளை வாட்டியிருக்கிறது.

நாமும் நம் பிள்ளைகளுக்குத் தஜ்ஜாலைப் பற்றியும் கியாமத் நாளைப் பற்றியும் சொல்கிறோம். அந்நாள் எப்போது என வினவிய ஒருவரிடம், அதற்கென அவர் செய்த ஆயத்தம் யாது என்றே நபி (ஸல்) அவர்கள் கேட்டார்கள். அல்லாஹ்வையும் அவனுடைய தூதரையும் நேசிப்பதாக அவர் விடையளித்தார். அவர் நேசித்தவர்களுடனேயே இருப்பார் என்னும் நற்செய்தி அவருக்குக் கிடைத்தது.

மறுமையின் எச்சரிக்கையோடு இந்த ஆறுதலையும் சேர்த்தே என் பிள்ளைகளுக்குச் சொல்ல விரும்புகிறேன். அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள் புரிவானாக.