காலூன்ற ஓர் இடம்

தந்தையார் விட்டுச்சென்ற 1974ஆம் ஆண்டு அம்பாசிடரில் ரப்பர் விரிப்பைத் தூக்கினால் சாலை தெரிந்தது! விரிப்பின் அடியில் தேங்கிய மழை ஈரம் தரையைத் தின்றுவிட்டிருந்தது. 2014இல் உற்பத்தியே நின்றுபோன வண்டி. "எடைக்குப் போடுங்கள்" என்றனர் உறவினர். அம்மா சம்மதிக்கவில்லை.

டிங்கர் மேஸ்திரி சுத்தியலால் தட்டித் தட்டிக் காது கொடுத்தார். 'கணீர்' என்றால் இரும்பு. 'பொத்' என்றால் துரு. இவ்வண்டிக்குத் தனிச் சட்டம் இல்லை. உடற்கூடே பாரம் சுமக்கிறது. ஆகவே கதவு வாசல்களில் குறுக்குக் குழாய்களை வெல்டிங் செய்த பின்னரே தரையை வெட்டினார். இல்லையேல் கூடு தொய்ந்து கதவு மூடாதாம். புதுத் தகட்டை ஒரே மூச்சில் ஒட்டவுமில்லை. சூட்டில் நெளியுமென்று இங்கொன்றும் அங்கொன்றுமாகக் கோலப்புள்ளி போல வைத்தார். அதற்குள் நான் மூன்று முறை தேநீர் வாங்கி வந்துவிட்டேன்!

ரெட் ஆக்சைடு உலர்ந்ததும் அம்மா ஏறினார். பழைய பழக்கத்தில் கால்களைத் தூக்கியே வைத்திருந்தார். "ஊன்றிக்கொள்ளம்மா" என்றேன்.