இரண்டாவது பாட்டரி

மே மாதம் பிறந்துவிட்டால் வாஷியில் நம்மவர் வீடுகள் பலவற்றில் பூட்டுத் தொங்கும். தாதரிலோ குர்லாவிலோ ரயிலேறி ஊர் போய்ச் சேருவது மூன்று தலைமுறையாக நமக்கு வாய்த்த வழக்கம். எங்கள் குடும்பமும் நெடுங்காலம் அவ்வாறே சென்று வந்தது. அன்னையாருக்கு முழங்கால் தேய்ந்து ரயில் பெட்டியின் படியேறுவது இயலாமற் போன பின்னரே சாலை வழியைப் பிடித்தோம். சொந்தக் காரில் செல்வோருக்கு மத்திய அரசின் விடுப்புப் பயணச் சலுகை பொதுவாகக் கிட்டுவதில்லை. எழுத்தர் வேலை பார்க்கும் எங்களுக்கு அது சிறிய இழப்பன்று. ஆயினும் கவலை பணத்தைப் பற்றியதாக இருக்கவில்லை. மருந்தைப் பற்றியதாக இருந்தது.

அன்னையாருக்கு நாள்தோறும் இருவேளை இன்சுலின் வேண்டும். 1922 ஜனவரியில் டொராண்டோ நகரில் முதன்முதலாக ஒரு சிறுவனுக்குச் செலுத்தப்பட்டு அவன் உயிரைக் காத்த அம்மருந்து, நூறாண்டு கடந்தும் ஒரு பிடிவாதத்தை விடவில்லை. திறக்காத குப்பி 2 முதல் 8 பாகை செல்சியஸ் வரையுள்ள குளிரில் இருத்தல் வேண்டும். திறந்த குப்பியோ சாதாரண அறை வெப்பத்தில் சுமார் நான்கு வாரம் தாங்கும். மே மாதத்து நண்பகலில் மூடி நிறுத்திய காரினுள் அத்தகைய ‘அறை வெப்பம்’ ஏது? வெளியே 40 என்றால் உள்ளே 50-ஐத் தாண்டும். பனிக்கட்டியோடு சேர்த்துக் கட்டிச் செல்லலாமெனில், உறைந்துபோன இன்சுலினும் பயனற்றதே. மீண்டும் உருகினாலும் அதற்குப் பழைய ஆற்றல் வாராது. கெட்ட பாலைப் போல் மணத்தாலோ திரிவதாலோ அது எப்போதும் தன்னைக் காட்டிக் கொடுப்பதுமில்லை. இரண்டு மாதத்திற்கு வேண்டிய குப்பிகளைக் கும்பகோணத்தை அடுத்த எங்கள் சிற்றூர் வரை கொண்டு சேர்ப்பதுதான் சிக்கல்.

“பானையை விட்டுட்டு இரும்புப் பெட்டியை நம்பறியேடா” என்றார் அன்னையார். ஈர மணலில் மண்பானையை வைத்து அதனுள் மருந்தை வைக்கும் முறை அவருக்குத் தெரியும். அதை எள்ளி நகையாடுவதற்கில்லை. பானையின் மேனியில் கசியும் நீர் ஆவியாகுங்கால் வெப்பத்தை வாங்கிக்கொண்டு போகிறது. ஆனால் காற்று உலர்ந்திருந்தால்தான் நீர் விரைந்து ஆவியாகும். கழிமுகத்தின் ஓரத்தில், காற்றையே பிழிந்தால் நீர் சொட்டும் வாஷியில் பானைக்கு வேலை குறைவு. கோலாப்பூரைக் கடந்த மேட்டுநிலத்தில் அதற்கு மதிப்பு மிகுதி. அங்குங்கூட அது 25 பாகைக்கு அருகில் கொண்டுவருமேயன்றி 8-க்குக் கீழே இறக்காது. திறந்த குப்பிக்குப் பானை போதும். சேமக் குப்பிகளுக்குப் போதாது.

குளிரைத் தொலைவுக்குச் சுமந்து செல்வது புதிய ஆசையன்று. 1833-இல் பாஸ்டனிலிருந்து கல்கத்தாவுக்கு ஒரு கப்பல் 180 டன் பனிக்கட்டியுடன் புறப்பட்டது. நான்கு மாதக் கடற்பயணத்தின் முடிவில் ஏறத்தாழ 100 டன் எஞ்சியிருந்தது. மரத்தூளும் நெருக்கமான அடுக்கும் செய்த காரியம் அது! அந்த வணிகத்தின் நினைவாகச் சென்னைக் கடற்கரையில் 1842-இல் எழுந்த ஐஸ் ஹவுஸ், பின்னாளில் விவேகானந்தர் இல்லமாகி இன்றும் நிற்கின்றது. குளிரை உண்டாக்குவதைக் காட்டிலும், வந்த குளிரை வெளியேறவிடாமல் காப்பதே பெரிய பாதி என்பதை அக்கப்பலோட்டிகள் அறிந்திருந்தனர்.

கடைகளில் காருக்கென்று விற்கும் பெட்டிகளுள் இரு சாதி உண்டு. ஒன்று, 1834-இல் பெல்தியே என்னும் பிரெஞ்சுக்காரர் கண்ட நெறியில், மின்சாரம் பாய்ந்தால் ஒருபுறம் குளிர்ந்து மறுபுறம் சூடாகும் தகட்டைக் கொண்டது. விலை மலிவு. ஆனால் வெளி வெப்பத்தைவிடச் சுமார் 20 பாகைதான் குறைக்கும். 42 பாகையில் 22 தருவது மோருக்கு ஆகலாம். எங்கள் தேவைக்கு ஆகாது. மற்றொன்று வீட்டுப் பிரிட்ஜைப் போலவே கம்பிரசர் கொண்டது. விலை கேட்டு இருமுறை கடையை விட்டு இறங்கினோம். மூன்றாம் முறை வாங்கினோம்.

வாங்கிய பிறகே கணக்கு தொடங்கியது. கம்பிரசர் ஓடும்போது 4 முதல் 5 ஆம்பியர் வரை இழுக்கும். மார்கழி இரவில் மணிக்குக் கால் மணி நேரம் ஓடி ஓய்ந்துவிடும். சித்திரை வெயிலில் முக்கால் மணியும் ஓடும். சராசரி 3 ஆம்பியர் என்று கொண்டால், வண்டி நிற்கும் 12 மணி நேரத்திற்கு 36 ஆம்பியர்-மணி ஆகிறது. சிறிய காரின் பாட்டரி மொத்தமே 35 முதல் 45 வரைதான். விடியற்காலையில் மருந்து குளிர்ந்திருக்கும்; வண்டி கிளம்பாது. பெட்டியை விடுதி அறைக்குள் எடுத்துச் செல்லலாமே எனின், சாவி அட்டையை உருவியதும் அறை முழுவதும் மின்சாரம் அற்றுப்போகும் விடுதிகளே இன்று மிகுதி.

துர்பேயில் வண்டிகளுக்கு மின்வேலை செய்யும் ஒருவரிடம் சென்றோம். தாராவியில் பிறந்த திருநெல்வேலிக்காரர். “கிளப்புற பாட்டரி ஓட்டப்பந்தயக்காரன் சார். அவனை மூட்டை தூக்கச் சொல்லக் கூடாது” என்றார். மெல்லிய தகடுகள் கொண்ட அது, சில நொடிகளுக்குப் பெருமின்னோட்டம் தந்து எஞ்சினைச் சுழற்றவே பிறந்தது. மெல்ல மெல்ல, நெடுநேரம் தருவதற்குத் தடித்த தகடுகளுள்ள வேறோர் இனம் வேண்டும். எங்கள் அலுவலகப் பாஷையில் சொன்னால், சேமநல நிதியில் கைவைத்து மளிகைக் கடன் தீர்க்கலாகாது; மளிகைக்குத் தனிக் கணக்கு வேண்டும்.

ஆகவே 100 ஆம்பியர்-மணி கொண்ட, அமிலம் சிந்தாத மூடிய பாட்டரி ஒன்றைப் பின்புறச் சாமான் அறையில் பொருத்தினார். ஈய பாட்டரியில் பாதிதான் நமக்குச் சொந்தம். அதற்கு மேல் இறக்கினால் ஆயுள் தேயும். அந்தப் பாதியான 50, எங்கள் 36-க்குப் போதும். எஞ்சின் அருகே இடமிருந்தும் அங்கு வைக்க அவர் இசையவில்லை. வெப்பம் 10 பாகை ஏறுந்தோறும் பாட்டரியின் ஆயுள் ஏறத்தாழப் பாதியாகும் என்பது அத்தொழிலில் பழைய பாடம். இரண்டு பாட்டரிகளுக்கும் நடுவே ஒரு ரிலே நிற்கின்றது. எஞ்சின் ஓடி மின்னழுத்தம் 13.3 வோல்ட்டைத் தொட்டால் இரண்டையும் இணைத்து மின்னேற்றும். எஞ்சின் நின்று 12.8-க்குக் கீழே இறங்கினால் பிரித்துவிடும். இப்போதைய புதிய கார்கள் சிலவற்றில் எரிபொருளை மிச்சப்படுத்த மின்னேற்றத்தையே அடிக்கடி குறைத்துவிடுவதால், ரிலேக்குப் பதில் தனி மின்னேற்றி வேண்டுமாம். எங்களுடையது பழைய வண்டி, ரிலேயே போதுமானதாயிற்று.

கம்பியில்தான் எங்களுக்கும் அவருக்கும் வாக்குவாதம். பாட்டரியையே வாங்கியாயிற்று, மெல்லிய கம்பி போதாதா என்று கேட்டோம். காகிதத்தில் போட்டுக் காட்டினார். போக ஐந்து மீட்டர், வர ஐந்து மீட்டர். 1 சதுர மில்லிமீட்டர் கம்பியில் 5 ஆம்பியர் ஓடினால் வழியிலேயே 0.86 வோல்ட் தொலையும்; 6 சதுர மில்லிமீட்டர் என்றால் 0.14 மட்டுமே. முன்னதில், பாட்டரியில் சரக்கு இருக்கும்போதே பெட்டி ‘மின்சாரம் குறைவு’ என்று எண்ணிக் கண்ணை மூடிக்கொள்ளும். தடித்த கம்பியே போட்டார். பாட்டரியை ஒட்டி ஒரு பியூஸும் வைத்தார்.

புறப்படுமுன் வீட்டு மின்சாரத்தில் ஒரு நாள் முழுவதும் பெட்டியைக் குளிர வைத்தோம். சூடான பெட்டியைச் சாலையில் குளிரச் செய்வது பாட்டரிக்குக் கொடுமை. குப்பிகளைக் குளிர்த் தகட்டில் படாதவாறு துணி சுற்றி நடுவில் வைத்து, இடைவெளியெல்லாம் தண்ணீர்ப் பாட்டில்களால் நிரப்பினோம். சூட்டை வெளியேற்றும் துளைகளை அடைத்துப் பெட்டி படுக்கைகள் சாயாமல் பார்த்துக்கொள்வது பிள்ளைகளின் பொறுப்பு. புணே, சதாரா, கோலாப்பூர் கடந்து ஹூப்ளியில் முதலிரவு. விடியற்காலை நான்கு மணிக்கு நாங்கள் இறங்கிப் பார்த்தபோது வெப்பமானி 5 பாகை காட்டியது; இரண்டாவது பாட்டரி 12.3 வோல்ட். வண்டி முதல் திருப்பலிலேயே கிளம்பிற்று. அன்று நண்பகல் கிருஷ்ணகிரிக்கும் சேலத்துக்கும் இடையே கம்பிரசர் ஏறக்குறைய ஓயாது ஓடியது. உணவுக்கு நின்ற இடத்தில் புளியமரத்து நிழலைத் தேடி வண்டியை விட்டோம். முள் 7-ஐத் தாண்டவில்லை.

ஊர் போய்ச் சேர்ந்த மூன்றாம் நாள் பிற்பகல் மின்சாரம் நின்றது. வீட்டுப் பிரிட்ஜிலிருந்த குப்பிகள் மீண்டும் காரின் பெட்டிக்குக் குடியேறின. செய்தி தெருவில் பரவ நேரமாகவில்லை. எதிர்வீட்டு மூதாட்டி தம் இன்சுலினையும் ஒரு டப்பாவிலிட்டுக் கொண்டுவந்தார். அன்னையார் அதை வாங்கித் தம் குப்பிகளுக்குப் பக்கத்தில் வைத்து, மூடியை அழுத்திச் சாத்தினார். மாலையில் மின்சாரம் வரும் வரை, மோர் வைக்க வந்த பேரப்பிள்ளைகளை அவர் வண்டியருகே அண்டவிடவில்லை.