தணலும் கரியும்

நோயின் அளவைக் கட்டியின் அளவு கொண்டே மதிப்பது நம்மவரிடை வழங்கும் வழக்கம். அது பிழைபடக்கூடுமென்பதை எம் தம்பி நோயுற்ற காலத்தில் நாம் கற்றோம்.

அவனுக்கு வந்தது ஹாட்ஜ்கின் நோய். நிணநீர்க் கணுக்களில் தோன்றும் இப்புற்றுநோயை 1832-ம் வருஷத்தில் தாமஸ் ஹாட்ஜ்கின் என்னும் ஆங்கில வைத்தியர் விவரித்தெழுதினார். நோய் பலவிடங்களிற் பரவியிருந்தமையால் நான்கு மருந்துகளைக் கூட்டிச் சிகிச்சை தொடங்கினர். இரண்டு மாதங்களில் இரண்டு சுற்றுக்கள் முடிந்தவுடனே 'பெட்' படம் எடுக்கவேண்டுமென்றார் வைத்தியர். கழுத்துக் கட்டியோ கைக்கு இன்னும் தட்டுப்பட்டது. அது கரையுமுன் படமெடுத்துப் பயன் யாதென்று வினவினோம்.

அவர் விளக்கியது இது. புற்றணுக்கள் சர்க்கரையை மிகுதியாக உண்பவை. ஆதலால் கதிரியக்கமுள்ள ப்ளூரின்-18 சேர்த்த ஒருவகைச் சர்க்கரையை இரத்தக் குழாயிற் செலுத்துவர். அவ்வணுக்கள் அதனை விழுங்கும்; செரிக்கமாட்டா. அது தங்கிய இடத்தைக் கருவி காட்டிவிடும். அதன் கதிரியக்கம் ஏறக்குறைய 110 நிமிஷத்திற்கொருமுறை பாதியாகக் குறையும். மற்றைப் படங்கள் கட்டியின் பருமனைக் காட்ட, இது அதன் பசியைக் காட்டும். நோய் மாண்டபின்னும் தழும்பாய்க் கட்டி நிற்றலுண்டு. 2009-ல் பிரான்சு தேசத்துத் தோவில் நகரிற் கூடிய நிபுணர் இப்பசியை ஐந்து படிகளாக வகுத்தனர். முதல் மூன்றும் பெரும்பாலும் நலத்தைக் குறிப்பன.

அவ்விடையைப் பொறுத்திருந்தது சிறிதன்று. நான்கு மருந்துகளுள் பிளியோமைசின் என்பது நுரையீரலைக் கெடுக்கவல்லது. எம் தம்பியோ ஆலயப் பாடகர் குழுவிற் பாடுபவன். படம் தெளிந்தோர்க்கு அம்மருந்தை நிறுத்தினாலும் சிகிச்சையின் பயன் குறிப்பிடத்தக்கவாறு குன்றவில்லையென்றும், நுரையீரற் கேடு குறைந்ததென்றும், 1,200-க்கு மேற்பட்ட நோயாளரைச் சேர்த்துச் செய்த ஓர் ஆராய்ச்சி 2016-ல் காட்டியிருந்தது.

இரண்டாம் படி என்று விடை வந்தது.

"கட்டி இருக்கிறதே, அப்பா!" என்றார் அன்னையார். நாம் விளக்கத் தொடங்குமுன், "அடுப்பிலே கரி இருக்கிறது, தணல் இல்லை என்கிறாயா?" என்று அவரே கேட்டார். அதனினும் தெளிவாக நாம் சொல்லியிருக்க இயலாது.

எனினும் தணல் சாம்பலுள் மறைந்திருத்தலுமுண்டு. தெளிந்த படம் பெற்றோருள்ளும் சிலர்க்கு நோய் மீளும். புற்றல்லாத அழற்சியும் படத்தில் ஒளிரும். ஆகவே வைத்தியர் படத்தை முடிந்த தீர்ப்பாகக் கொள்ளாது, அடுத்த அடிக்கு வழிகாட்டியாகவே கொண்டார். எஞ்சிய நான்கு சுற்றுக்களும் மூன்று மருந்துகளோடு முடிந்தன.

அவ்வாண்டுக் கிறிஸ்துமஸ் ஆராதனையில் தம்பி பாடினான். அன்னையார் பாட்டைக் கேட்டதினும் அவன் மூச்சைக் கவனித்திருந்ததே மிகுதி.