வள்ளியின் வட்டத்தில் ஓர் இரவு

மேட்டுப்பாளையத்தில் ரயிலை விட்டு இறங்கியதும் முதல் வேலையாகச் சேலைத் தலைப்பை இழுத்துக் காதோடு சேர்த்துப் போர்த்திக்கொண்டேன். தை மாதம், காலை எட்டு மணி ஆகப்போகிறது. எங்கள் தூத்துக்குடியில் இந்நேரத்துக்கு வெயில் உறைக்கத் தொடங்கியிருக்கும். இங்கே மூச்சை இழுத்தால் மூக்கு நுனி சில்லிடுகிறது! பனிமய மாதா கோயில் இருக்கும் ஊரில் பிறந்து வளர்ந்தவள் நான். பேரில்தான் பனி. எங்களுக்குத் தெரிந்த குளிரெல்லாம் மார்கழி வாடையும், விடிகாலையில் உப்பளத்து வரப்பில் நடக்கும்போது முழங்காலில் வரும் ஒரு சிலிர்ப்பும்தான்.

நிமிர்ந்து பார்த்தேன். திறந்த வாய் திறந்தபடியே நின்றுவிட்டது. ஊருக்கு மேலே, ஏதோ கையெட்டும் தூரத்தில் இருப்பதுபோல, நீலகிரி. எங்கள் பக்கம் அடிவானம் என்பது மேசை விளிம்பு மாதிரி நேராக இருக்கும்; மாதா கோயிலும் துறைமுகத்துப் பளுதூக்கிகளும் வெள்ளை உப்புக் குவியல்களும்தான் உயரமானவை. இங்கே பாதி வானத்தை மலையே எடுத்துக்கொண்டிருக்கிறது. குன்னூர் வரை 1899-லும் ஊட்டி வரை 1908-லும் போய்ச் சேர்ந்த அந்தச் சின்ன மலை ரயில், நான் வருவதற்குள் புறப்பட்டுப் போயிருந்தது. செங்குத்தான இடங்களில் ஏறத்தாழப் பன்னிரண்டு அடி போனால் ஓர் அடி ஏறும் பாதை. பல்சக்கரத்தைப் பிடித்துப் பிடித்து அது இப்போது எந்த மடிப்பில் ஏறிக்கொண்டிருக்கிறதோ என்று மலையையே பார்த்துக்கொண்டு நின்றேன். தோழி வந்து தோளைத் தட்டிய பிறகுதான் கீழே இறங்கினேன்.

அவளும் நானும் ஒரே பள்ளியில் வேலை பார்த்தவர்கள். அவள் காரமடைப் பக்கத்துக் கிராமத்துக்கு வாழ்க்கைப்பட்டுப் பதினெட்டு வருடமாகிறது. “ஒருதடவ எங்க ஊரு கும்மி அரங்கேற்றத்தைப் பாரு பிள்ள” என்று அவள் மூன்று வருடமாகக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். கும்மிக்காக ஒரு ராத்திரி முழுக்க ரயிலில் போக வேண்டுமா என்று நான்தான் தள்ளிப்போட்டேன்.

கார் ஊரைத் தாண்டியதும் ஒரு வாசனை வந்து முகத்தில் மோதியது. யார் வீட்டிலோ தாளிக்கிறார்கள் என்று நினைத்தேன். வீடே இல்லை! சாலையின் இருபுறமும் ஏக்கர் ஏக்கராகக் கறிவேப்பிலைத் தோட்டம். எங்கள் ஊரில் கறிவேப்பிலை காய்கறிக் கடையில் கடைசியாகக் கையில் திணிக்கும் கொசுறு. அதற்கென்று வயல் உண்டு, பாத்தி உண்டு, சொட்டுநீர்க் குழாய் உண்டு என்று இத்தனை வயதில் இப்போதுதான் கண்ணால் பார்க்கிறேன். ஈரப் பனியில் நனைந்த இலையின் மணம் அன்று முழுக்க என் சேலையிலேயே இருந்தது.

வீட்டு வாசலில் தோழியின் மாமியார், “ஒறம்பரை வந்தாச்சு, காப்பி வைங்க” என்று உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார். ஒறம்பரை என்றால் விருந்தாளியாம். உறவின்முறை தேய்ந்து தேய்ந்து அப்படி ஆகியிருக்க வேண்டும். முன்பின் தெரியாத என்னையும் உறவாக்கிவிடுகிற சொல்! அடுத்து வந்தது சந்தகை. எங்கள் இடியாப்பத்துக்கு உறவுதான். ஆனால் மாவை முதலில் வேகவைத்துவிட்டு, மூன்று கால் உள்ள பெரிய அச்சில் போட்டு, ஆள் பலத்தோடு அழுத்திப் பிழிகிறார்கள். அதன்மேல் தேங்காய்ப் பாலும் வெல்லமும். பேச்செல்லாம் ‘ங்க’ போட்டுத்தான். வீட்டுப் பிள்ளையைக்கூட “சாப்பிடுங்க கண்ணு” என்கிறார்கள். ‘ஏலே’ கேட்டு வளர்ந்த என் காதுக்கு அது வெல்லப்பாகு மாதிரி இருந்தது.

“பொழுதோட கோயிலுக்குப் போலாமுங்க” என்றார் அந்த அம்மா. எங்கள் பக்கம் பொழுதோடு என்றால் இருட்டுவதற்கு முன்னால் என்று அர்த்தம். நான் மூன்று மணிக்கே தலைவாரிப் பூ வைத்துத் தயாராகிவிட்டேன். இங்கே அதற்குச் சாயங்காலம் என்று பொருளாம். வீடே அன்போடு சிரித்தது.

கிடைத்த அந்த நேரத்தில் தேக்கம்பட்டிப் பக்கம் அழைத்துப் போனார்கள். பவானிக் கரையில் வனபத்ரகாளியம்மன் கோயில். தண்ணீரில் கால் வைத்ததும் உச்சந்தலை வரை குளிர் ஏறியது. தமிழ்நாட்டுக் கோயில் யானைகளுக்கெல்லாம் பல வருடம் புத்துணர்வு முகாம் நடந்தது இந்த ஆற்றங்கரையில்தான். எங்கள் திருச்செந்தூர் யானையும் இங்கே வந்து குளித்திருக்கிறது என்றதும் எனக்கு ஏனோ கண் கலங்கிவிட்டது. தூரத்து ஊரில் சொந்தக்காரரின் காலடியைக் கண்டதுபோல.

இந்தப் பக்கத்துக்காரர்தான் பத்திரப்பன். நான் பார்க்க வந்த வள்ளி ஒயில் கும்மியின் மூத்த ஆசிரியர். 2024-ல், 87-ஆவது வயதில், பத்மஸ்ரீ பெற்றவர். பெண்களுக்கு இந்தக் கும்மியைச் சொல்லிக்கொடுத்தவர் என்பதுதான் அந்த விருதின்போது முதலில் பேசப்பட்டது. இதைத் தோழி சொன்னபோது எனக்குப் புரியவில்லை. பெண்களுக்குக் கும்மி சொல்லிக்கொடுத்தாரா? கும்மி பெண்களுடையதுதானே? எங்கள் ஊரில் முளைப்பாரியைச் சுற்றிக் கும்மி கொட்டுவது பெண்கள். துண்டை வீசி ஒயிலாடுவது ஆண்கள். நாங்கள் சுவரோரம் நின்று குலவையிட்டுவிட்டு அவர்கள் ஆட்டத்தைப் பார்ப்போம். கொங்கு நாட்டிலோ வள்ளி கும்மியே ஆண்களின் ஆட்டமாகத்தான் இருந்திருக்கிறது. பெண் வேடம் கட்டுகிற கூத்துபோல, ஒரு பெண்ணின் கதையை ஆண்களே பாடி, ஆண்களே ஆடி! வள்ளி தினைப்புனம் காத்த கதையை வள்ளிகள் பாட இத்தனை காலம் ஆகியிருக்கிறது.

ஏழு மணிக்குப் போர்வையைச் சுற்றிக்கொண்டு கோயில் மைதானத்துக்குப் போனோம். மலை கறுத்துவிட்டது. அதன் உச்சியில் எங்கோ ஊட்டிச் சாலையின் விளக்குகள் நட்சத்திரத்தோடு நட்சத்திரமாகக் கலந்திருந்தன. முதலில் துடும்பு மேளம் முழங்கியது. பறையை மார்புக்கு வெளியே கேட்டிருக்கிறேன். துடும்பு விலா எலும்புக்கு உள்ளிருந்து கேட்டது. அடி விழும்போதெல்லாம் கையில் இருந்த காப்பி டம்ளர் நடுங்கியது.

பிறகு அவர்கள் வந்தார்கள். ஒரே நிறச் சேலையில் முந்நூறு பேராவது இருப்பார்கள். பள்ளிப் பிள்ளைகள், கைக்குழந்தையை மாமியாரிடம் கொடுத்துவிட்டு வந்தவர்கள், பேத்தியின் கைபிடித்து வந்த பாட்டிகள், ஓரத்தில் வேட்டி கட்டிய ஆண்களும் சிறுவர்களும். மைதானத்தின் விளிம்பில் செருப்புகளைக் கழற்றிப்போட்டுவிட்டு வெறுங்காலோடு வட்டத்துக்குள் இறங்கினார்கள். நடுவில் ஒலிவாங்கியோடு, அவர்களைப் பழக்கிய ஆசிரியர். பிள்ளையாருக்கு ஒரு வணக்கம், குருவுக்கு ஒரு வணக்கம், உடனே கதை. வள்ளிக்கிழங்கு எடுத்த குழியில் குழந்தை கிடைக்கிறாள். வேடர் தலைவன் நம்பிராஜன் எடுத்து வளர்க்கிறான். பரண் மேல் நின்று கவண் வீசிக் கிளி விரட்டுகிறாள். நாரதர் கோள் சொல்ல, முருகன் வேடனாக வருகிறான், கிழவனாக வருகிறான், யானையை வரவழைத்துப் பயமுறுத்துகிறான். ஆசிரியர் ஒரு வரி பாட, முந்நூறு குரல் அதை வாங்கிப் பாடுகிறது. ஓரடி முன்னே, ஓரடி பின்னே. குனிந்து ஒரு தட்டு, நிமிர்ந்து ஒரு தட்டு. அந்தத் தட்டின் சத்தத்தை எதோடு ஒப்பிடுவேன்? எங்கள் பனங்காட்டில் காற்று புகுந்தால் ஓலைகளெல்லாம் மொத்தமாகத் தட்டிக்கொள்ளும். அதே சத்தம். ராத்திரி முழுக்க ரயிலில் வந்து என் பனங்காட்டைக் கேட்டேன்.

யானை வரும் கட்டத்தில் வட்டம் கலைந்து பாம்புபோல நெளிந்தது. மேடை இல்லை, திரை இல்லை, ஒப்பனை இல்லை. வள்ளி யார், முருகன் யார் என்று ஆள் பிரிக்கவும் இல்லை. ஆடுகிற அத்தனை பேரும் ஒரு வரியில் வள்ளி, அடுத்த வரியில் கிழவன். இதைவிடப் பெரிய நாடகக் கொட்டகையை நான் எங்கே பார்ப்பேன்!

மூன்று மாதம் ராத்திரி ராத்திரியாகப் பழகியிருக்கிறார்கள். மில் வேலையும் தோட்ட வேலையும் அடுப்பு வேலையும் முடிந்து ஏழரை மணிக்கு. இருபது வருடமாக எதிரெதிர் வீட்டில் இருந்த இரண்டு பேர் முதன்முதலில் நின்று பேசியது இந்தப் பயிற்சியில்தான் என்று ஒருத்தி சொன்னாள். இருட்டிய பிறகு வீட்டை விட்டு வெளியே வந்ததே இப்போதுதான் என்றாள் இன்னொருத்தி, வெட்கப்பட்டுக்கொண்டே.

இடைவேளையில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்த ஓர் இளம்பெண் மடியிலிருந்து ஒரு நோட்டை எடுத்தாள். நூல் மில் குடியிருப்பில் இருப்பவள், ஒடிசாக்காரி. பாட்டு முழுவதையும் காதால் கேட்டு ஒடிய எழுத்தில் எழுதி வைத்திருந்தாள். அந்த எழுத்துகளைப் பார்த்திருக்கிறீர்களா? பெரும்பாலானவற்றின் தலையில் ஒரு வட்டக் குடை. பக்கம் பக்கமாகக் குடை பிடித்து நிற்கிறாள் நம் வள்ளி! “அர்த்தம் தெரியுமா?” என்று கேட்டேன். கவண் வீசுவதுபோலக் கையைச் சுழற்றி, “கிளி… போ போ” என்றாள். முழுக்கத் தெரிந்திருக்கிறது.

ஆசிரியர் சோடா குடித்துக்கொண்டிருந்தார். பகலில் வாழைத் தோட்டம் பார்ப்பவர். பயிற்சிக்கு யார் வந்து கூப்பிட்டாலும் அவர் ஒரு நிபந்தனை வைப்பாராம். “ஒரு வீதிக்குன்னா நான் வரமாட்டனுங்க. ஊருக்குன்னாத்தான் வருவன்.” இந்த ஒரு சொல்லுக்காக அவர் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொள்ள வேண்டும்போல இருந்தது. ஏனென்றால் இதே கொங்கு நாட்டில் இதே கும்மி சாதிப் பெருமைக்கான மேடையாகவும் ஆகிக்கொண்டிருக்கிறது. வேடர் வீட்டில் வளர்ந்த பெண்ணைத் தேடி ஒரு தெய்வம் மலையேறி வந்த கதையைப் பாடிக்கொண்டே, எங்கள் ஆட்களுக்குள்தான் கல்யாணம் என்று பேசுவதை என்னால் தாங்க முடியவில்லை. அந்தக் கதையை வைத்துக்கொண்டு எப்படி அப்படிப் பேச வருகிறது?

வட்டத்தில் ஒரு பாட்டி என் கண்ணிலேயே நின்றார். எழுபதுக்கு மேல் இருக்கும். எலும்பும் தோலுமான உடம்பு. ஆனால் குனிந்து நிமிரும்போது பத்து வயதுப் பிள்ளைபோல. காலனியிலிருந்து வந்தவர். பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். “உங்க ஊரு எங்க கண்ணு? கடலா? கடல நான் பார்த்ததில்ல” என்றார். இன்றைக்கு முன்னால் நான் மலையைப் பார்த்ததில்லை என்றேன். இருவரும் சிரித்தோம். பிறகு கோயில் வீதியைக் காட்டி, ஒரு சேதி சொல்கிற குரலில்தான் சொன்னார்: “எங்க அம்மா காலத்துல இந்த வீதியில செருப்பக் கையில தூக்கீட்டுத்தான் போகோணும் கண்ணு. நானுஞ் சின்னதுல தூக்கியிருக்கறேன்.”

எனக்கு ஒன்றும் பேச வரவில்லை. அதற்குள் துடும்பு மறுபடி எழுந்தது. பாட்டி எழுந்து, “வா, சும்மா ஒக்காந்திருக்காத” என்று என் கையையும் இழுத்துக்கொண்டார்.

எப்படி ஆடினேன் என்று தெரியாது. முதல் பத்து நிமிடம் எல்லோரும் குனியும்போது நிமிர்ந்து, நிமிரும்போது குனிந்துகொண்டிருந்தேன். முன்னால் ஒடிசாப் பெண்ணின் குதிகால், பக்கத்தில் பாட்டியின் மூச்சு. அவர்களைப் பார்த்துப் பார்த்து அடி வந்துவிட்டது. வெறுங்காலுக்குக் கீழே மண் பனியில் சில்லென்றிருந்தது; கொஞ்ச நேரத்தில் அதுவும் சூடாகிவிட்டது. வள்ளி கல்யாணம் முடிந்து மங்களம் பாடியபோது மணி பத்தரை. என் போர்வை எங்கே போனது என்றே தெரியவில்லை; தேவைப்படவும் இல்லை.

தட்டுத் தட்டாகப் பொங்கல் வந்தது. சாப்பிட்டுக் கை கழுவியதும் அத்தனை பேரும் மைதானத்து விளிம்புக்குப் போனார்கள். அங்கே செருப்பு மலை! முந்நூறு ஜோடியும் ஒன்றின்மேல் ஒன்றாக ஏறிக் கலந்து கிடந்தன. தோல் செருப்பு, ரப்பர் செருப்பு, பிள்ளைகளின் பூப்போட்ட செருப்பு, வார் அறுந்து ஊக்கு குத்தியது. செல்போன் வெளிச்சத்தை அடித்துக்கொண்டு எல்லோரும் குனிந்து தேடினார்கள். “இது ஆருதுங்க?” “அக்கா, அது என்றது, இக்கட்ட தள்ளுங்க.” ஒரு பெரிய வீட்டு அம்மா நீல ரப்பர் செருப்பு ஒன்றைத் தூக்கிக் காட்டி, “இதுக்கு ஜோடி ஆருகிட்ட இருக்குது?” என்று கேட்டார். பாட்டி கையை நீட்டினார். இன்னொன்றை ஒடிசாப் பெண் எங்கிருந்தோ கண்டெடுத்து அவர் காலடியில் வைத்தாள்.

பாட்டி இரண்டையும் மாட்டிக்கொண்டார். “வாறேன் கண்ணு” என்று என்னிடம் சொல்லிவிட்டுக் கோயில் வீதி வழியாக வீட்டுக்கு நடந்தார். சரக் சரக்கென்று அந்தச் செருப்புச் சத்தம் வீதிக் கோடி வரை கேட்டது.