கடைத்தேங்காயும் வழிப்பிள்ளையாரும்

கடைத்தேங்காயை எடுத்து வழிப்பிள்ளையாருக்கு உடைச்ச கதை என்று எங்க ஊர்ப் பக்கம் சொல்வார்கள். இருபது வருஷத்துக்கு மேல் வங்கியில் குப்பை கொட்டியவன் என்ற முறையில் சொல்கிறேன், வங்கிகள் செய்கிற தான தர்மத்தைப் பற்றிப் பேச்சு வந்தாலே எனக்கு இந்தத் தேங்காய்தான் ஞாபகத்துக்கு வரும்.

நமக்குச் சொந்த ஊர் பாளையங்கோட்டை. படிச்சது பி.காம். பிழைப்பு கேரளாவில். முதலில் பாலக்காட்டில் கொழிஞ்சாம்பாறைப் பக்கம், அப்புறம் இடுக்கியில் குமுளி, வண்டிப்பெரியார் பக்கம் என்று மாற்றல் மேல் மாற்றல். ரெண்டு இடத்திலும் நம்ம தமிழ் ஜனம் நிறைய. ரெண்டு இடத்திலும் சர்ச்சை ஒட்டி, சபைக்காரர்களே சேர்ந்து நடத்துகிற சின்னச் சின்ன கூட்டுறவு சங்கங்களைப் பார்த்திருக்கிறேன். திறப்பு விழாவுக்கு அச்சன் வந்து ஜெபம் பண்ணுவார். ஜூன் மாசம் பிள்ளைகளுக்கு நோட்டுப் புத்தகம், மழைக்காலத்தில் கம்பளி, யாருக்காவது ஆபரேஷன் என்றால் ஒரு கவர். நல்ல மனசோடு செய்வதுதான், அதில் சந்தேகமே இல்லை. என் சந்தேகம் எல்லாம் அந்தக் கவருக்குள் இருப்பது யார் காசு என்பதில்தான்.

இந்த மாதிரி வங்கிகளுக்கெல்லாம் மூதாதை ஒருத்தர் உண்டு. பெயர் ஃப்ரீட்ரிஷ் வில்ஹெல்ம் ரைஃபைசன். 1818-ல் ஜெர்மனியில் பிறந்தவர், பக்தியுள்ள புராட்டஸ்டன்ட், கிராமங்களுக்கு மேயராக இருந்தவர். 1846-47 குளிர்காலத்தில் பஞ்சம் வந்தபோது வசதியானவர்களிடம் காசு திரட்டி ரொட்டிச் சங்கம் வைத்தார். அடுத்தடுத்து அதே பாணியில் தர்ம சங்கங்கள். சில வருஷத்தில் அவருக்கு ஒரு விஷயம் புரிந்தது. பணக்காரர் இரக்கத்தில் ஓடுகிற சங்கம் இரக்கம் தீர்ந்ததும் நின்றுவிடும். அதனால் 1864-ல் ஹெடெஸ்டார்ஃப் என்ற ஊரில் கடன் வாங்குகிறவர்களே உறுப்பினராக இருக்கும் சங்கத்தை ஆரம்பித்தார்.

அதில் அவர் வைத்த விதிகளைப் படித்தபோது கணக்குப் பிள்ளையான எனக்குச் சந்தோஷமாக இருந்தது. சங்கத்தை நிர்வகிக்கிற பெரிய மனுஷர்களுக்குச் சம்பளம் கிடையாது, அது கௌரவப் பொறுப்பு. கணக்கெழுதி காசைப் பார்த்துக்கொள்கிறவருக்கு மட்டும் சம்பளம் உண்டு! லாபம் வந்தால் பிரித்துக்கொள்ளாமல் யாரும் தொட முடியாத பொது நிதியில் சேர்த்துவிட வேண்டும். அதாவது பெரியவர்கள் தர்மமாக உழைக்கலாம், வேலைக்காரன் தர்மமாக உழைக்க வேண்டியதில்லை. இன்றைக்கு நம்ம பக்கம் பல இடத்தில் இது தலைகீழ்.

இதற்கும் பாலக்காட்டுக்கும் என்ன சம்பந்தம் என்கிறீர்களா? இருக்கிறது. அப்போது பாலக்காடு மதராஸ் மாகாணத்தில் மலபார் ஜில்லா. விவசாயிகளின் கடன் சுமைக்கு வழி தேடச் சொல்லி மதராஸ் அரசாங்கம் ஃப்ரெடரிக் நிக்கல்சன் என்ற அதிகாரியை நியமித்தது. அவர் 1895-லும் 1897-லும் ரெண்டு பாகமாக அறிக்கை கொடுத்தார். அவர் சொன்னதன் சாரம், ரைஃபைசன் மாதிரி ஓர் ஆளைக் கண்டுபிடியுங்கள் என்பதுதான். 1904-ல் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் வந்தது. பிறகு சேலத்தில் பிறந்த தமிழர் கே.டி.பால், 1916-ல் ஒய்.எம்.சி.ஏ.வின் முதல் இந்திய தேசியப் பொதுச் செயலாளர் ஆனவர், கிராமத்து ஏழைகளுக்காக இதே மாதிரி கடன் சங்கங்களை வளர்த்தார். சபையும் கூட்டுறவும் சேர்ந்த கதைக்கு நம்மிடமே வேர் இருக்கிறது.

சரி, 1912-ல் வந்த அடுத்த சட்டத்தில் 34-வது பிரிவு என்று ஒன்று. எனக்குப் பிடித்த பிரிவு :-) நிகர லாபத்தில் முதலில் கால் பங்கை ரிசர்வ் ஃபண்டில் போடு. மிச்சத்தில் பத்து சதவீதத்துக்கு மேல் போகாமல், பதிவாளர் அனுமதியோடு தர்ம காரியத்துக்குக் கொடு என்று அது சொன்னது.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு சங்கத்துக்கு நிகர லாபம் 40 லட்சம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கால் பங்கு 10 லட்சம் ரிசர்வ். மிச்சம் 30 லட்சம். அதில் பத்து சதவீதம், 3 லட்சம். அவ்வளவுதான் தர்மம். இங்கே கவனிக்க வேண்டியது 'நிகர லாபம்' என்ற வார்த்தையை. டெபாசிட்காரர்களுக்கு வட்டி கொடுத்து, ஊழியர்களுக்குச் சம்பளம் கொடுத்து, வராக்கடனுக்கு ஒதுக்கி வைத்த பிறகு நிற்பதுதான் நிகர லாபம். தனக்கு மிஞ்சித்தான் தானமும் தர்மமும் என்பதைச் சட்டமாக எழுதினால் இப்படித்தான் இருக்கும். இப்போது கேரளத்தில் 1969-ம் வருஷக் கூட்டுறவுச் சட்டம். அதிலும் ரிசர்வுக்குப் போட்ட பிறகுதான் மற்றது.

இதை ஏன் இவ்வளவு விளக்குகிறேன் என்றால், வண்டிப்பெரியாரில் இருந்தபோது தெரிந்த அண்ணன் ஒருத்தர் என்னிடம் யோசனை கேட்டு வந்தார். எஸ்டேட்டில் வேலை பார்த்து ரிட்டையர் ஆனவர். மகள் பி.காம். முடித்திருந்தாள்.

"சார், பொண்ணுக்கு சொசைட்டில வேலை தரேங்கறாங்க. கட்டட நிதிக்கு மூணு லட்சம் நன்கொடை குடுக்கணுமாம். ரசீது குடுத்துருவாங்க. ரொம்ப நல்லவங்க சார், வருஷா வருஷம் புள்ளைங்களுக்கு நோட்டு புக்கு குடுக்குறாங்க."

"சம்பளம் எவ்வளவுண்ணே?"

"மொதல்ல டெய்லி கலெக்சன் தான் சார். கமிசன். மாசம் ஆறாயிரம் வருமாம். பெறவு பெர்மனன்ட் பண்ணுவாங்களாம்."

மூணு லட்சம் என்பது அவருடைய கிராஜுவிட்டி காசு. மாசம் ஆறாயிரம் என்றால் கொடுத்த காசு திரும்பி வரவே 50 மாசம். நாலு வருஷம் ரெண்டு மாசம் அந்தப் பெண் தன் சம்பளத்தைத் தானே கொடுத்துக்கொண்டு கடை கடையாக ஏறி இறங்க வேண்டும். ஒரு பேப்பரில் எழுதிக் காட்டினேன். அவர் ஒன்றும் பேசவில்லை. பக்கத்தில் இருந்த மகள்தான், "அப்போ அந்த நோட்டு புக்கெல்லாம் நம்மள மாதிரி ஆளுங்க காசுலதானா சார்?" என்றாள்.

அவர்கள் கொடுக்கவில்லை. அவள் கம்பத்தில் ஓர் ஆடிட்டர் ஆபீசில் சேர்ந்தாள். அண்ணனுக்கு என் மேல் வருத்தம்தான். சபையில் நாலு பேர் முகத்தில் எப்படி முழிப்பது என்று கேட்டார். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

அந்தச் சங்கத்துச் செயலாளரும் கெட்டவர் இல்லை. ஒருநாள் டீ குடிக்கும்போது கேட்டார். "உங்களுக்கு என்ன சார், ஊதிய ஒப்பந்தம் போட்டு ஏத்திக் குடுக்கறான். நாங்க எங்க போவோம்? கட்டடமும் வேணும், ஏழைக்கும் குடுக்கணும்." நியாயமான கேள்வி. சின்னச் சங்கத்தால் பெரிய வங்கி மாதிரி சம்பளம் கொடுக்க முடியாது. முடியாது என்றால் அதைப் பொதுக்குழுவில் சொல்லி நோட்டுப் புத்தகத்தைக் குறைக்கலாம், கட்டடத்தைத் தள்ளிப் போடலாம். வேலை கேட்டு வந்தவர் மடியில் கை வைப்பதற்கு நன்கொடை என்று பெயர் வைக்கக்கூடாது.

பைபிளில் திராட்சைத் தோட்டத்துக் கதை தெரிந்திருக்கும். கடைசியில் ஒரு மணி நேரம் மட்டும் வேலை செய்தவனுக்கும் முதலாளி முழு நாள் கூலி கொடுப்பார். எனக்கு அதில் பட்டது வேறு. காலையிலிருந்து உழைத்தவனுக்குப் பேசிய கூலியில் ஒரு காசு குறையவில்லை. கூடக் கொடுத்தது முதலாளி தன் சொந்தப் பையிலிருந்து.

மூணாறிலும் இதைப் பார்த்தோம். 2005-ல் டாடா டீ ஒதுங்கிக்கொண்ட பிறகு வந்த கண்ணன் தேவன் ஹில்ஸ் கம்பெனியில் தொழிலாளிகளே பங்குதாரர்கள். அதே ஊரில் மாற்றுத்திறனாளிகளுக்கு வேலை கொடுக்கிற சிருஷ்டி அமைப்பும் இருக்கிறது, அருமையான காரியம். ஆனாலும் 2015 செப்டம்பரில், போனஸை 20 சதவீதத்திலிருந்து 10 ஆக்கியதும் ஆயிரக்கணக்கில் நம்ம தமிழ்ப் பெண்கள் 'பெண்கள் ஒற்றுமை' என்று ரோட்டில் உட்கார்ந்தார்கள். கடைசியில் போனஸ் 8.33, கருணைத் தொகை 11.67 என்று சேர்த்து 20 கிடைத்தது. அவர்கள் யாரிடமும் தர்மம் கேட்கவில்லை. உழைத்த காசைக் கேட்டார்கள்.

டெபாசிட் போட்டவர் பக்கமும் பார்க்க வேண்டும். அங்கே கோட்டயம் பக்கத்தில் பாலாய் சென்ட்ரல் பேங்க், 1927-ல் கிறிஸ்தவர்கள் ஆரம்பித்தது, பெரிய பெயரோடு வளர்ந்தது. 1960 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி போட்ட மனுவில் கேரள உயர் நீதிமன்றம் அதை மூட வைத்தது. அந்த அடிக்குப் பிறகுதான் 1962-ல் டெபாசிட் இன்ஷூரன்ஸ் வந்தது. 2020 பிப்ரவரியிலிருந்து அதன் வரம்பு 5 லட்சம். ஆனால் தொடக்க வேளாண்மைக் கடன் சங்கங்களுக்கு அந்த இன்ஷூரன்ஸ் இல்லை. போர்டில் 'பேங்க்' என்று எழுதியிருந்தாலும் இல்லை. 2021 நவம்பரில் ரிசர்வ் வங்கியே இதைச் சொல்லிப் பொதுமக்களை எச்சரித்தது. அதே வருஷம்தான் திருச்சூர் மாவட்டம் கருவன்னூர் கூட்டுறவு வங்கியில் 100 கோடிக்கு மேல் மோசடி வெளியே வந்தது. சபைக்காரரோ கட்சிக்காரரோ, நடத்துகிறவர் யார் என்பது டெபாசிட்டுக்குப் பாதுகாப்பு இல்லை, புத்தகத்தில் இருக்கிற கணக்குதான் பாதுகாப்பு.

அதனால் இந்தப் பக்கம் பிழைக்க வந்த நம்ம குடும்பங்களுக்கு ஒரு சின்ன லிஸ்ட். காசு போடும் முன்னாலும், பிள்ளையை வேலைக்குச் சேர்க்கும் முன்னாலும் கேளுங்க.

ஒன்று, போன வருஷ ஆடிட் ரிப்போர்ட் எங்கே?

ரெண்டு, டெபாசிட்டுக்கு இன்ஷூரன்ஸ் உண்டா, இல்லை வேறு உத்தரவாதம் என்ன?

மூணு, ஊழியருக்குச் சம்பளம், பி.எஃப். எழுத்தில் இருக்கிறதா? வேலைக்கு நன்கொடை வாங்குகிறார்களா?

நாலு, நன்கொடை போவது இயக்குநர்களின் சொந்த டிரஸ்ட்டுக்கா, வெளியாருக்கா?

அஞ்சு, அந்த நன்கொடை லாபத்திலிருந்தா, இல்லை நஷ்டத்திலும் கொடுக்கிறார்களா?

கேட்டால் தப்பாக நினைப்பார்களோ என்று கூச்சம் வரும். வெளியூர்க்காரன், பாஷை வேறு, அச்சன் வேறு எதிரே இருப்பார். பரவாயில்லை, கேளுங்க. ஒழுங்காக நடத்துகிறவர் சந்தோஷமாகக் காட்டுவார். அப்படிக் காட்டின சங்கங்களும் இங்கே உண்டு, நானே பார்த்திருக்கிறேன். அடுத்த தடவை பொதுக்குழு நோட்டீஸ் வீட்டுக்கு வந்தால் அலமாரிக்கு மேல் போடாமல் போய் வாங்க. டீயும் வடையும் கண்டிப்பாகத் தருவார்கள். ஆடிட் ரிப்போர்ட் மட்டும் கேட்டு வாங்கணும் :-)